பாதி வீடு

செக் நாட்டின் பிர்னோ நகரத்தில் நான் வாடகைக்கு வந்த முதல் வாரம். 2017 செப்டம்பர். வீட்டுக்காரம்மா கீழ்த்தளத்தில், நான் மாடியில். சாவியைக் கையில் கொடுத்து, குப்பை வண்டி எந்தக் கிழமை வரும், பாய்லரை எப்படி அணைக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லி முடித்தபின், உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். தூள் அடியில் அப்படியே கிடக்க, மேலே சுடுநீர் ஊற்றிய காபி. எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். பிறகு, "உங்கள் அம்மாவோடு இப்போது யார் இருக்கிறார்கள்?" என்றார். தம்பி இருக்கிறான் என்றேன். கொஞ்ச நேரம் காபியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவரைக் கேட்டீர்களா?" என்றார். எதைக் கேட்பது என்று எனக்கு விளங்கவில்லை. அப்போது என் செக் மொழி அரைகுறை. எங்கேயோ ஒரு சொல்லைத் தவறவிட்டுவிட்டேன் போல என்று நினைத்து, தலையை ஆட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

எதையும் தவறவிடவில்லை என்று புரிய ஆறு வருடம் ஆனது. அந்தக் கேள்வி என்னைக் கேட்டதாகவும் இருந்தது, என்னைக் கேட்காததாகவும் இருந்தது. ஐம்பது வருடத்துக்கு முன் வேறு ஒருவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அவரை நான் 'பனீ' என்றுதான் கூப்பிடுவேன். செக் மொழியில் பெண்களை மரியாதையோடு அழைக்கும் சொல், கிட்டத்தட்ட நம் 'அம்மா' மாதிரி. இப்போது அவருக்கு 76 வயது. ஒரே ஒரு அக்கா, சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் நகரத்தில் இருக்கிறார். ஒவ்வொரு அக்டோபரிலும் அந்த அக்காவுக்கு ஒரு பெட்டி நிறைய வால்நட் போகும். பனீக்கு பிர்னோவுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் சின்ன வீடு உண்டு. இந்த மாதிரி கிராமத்து வீட்டை இங்கே 'ஹலுபா' என்பார்கள். அந்த வீட்டின் கொல்லையில் ஒரு பெரிய வால்நட் மரம். காய்களைப் பொறுக்கி, காயவைத்து, சமையல் தராசில் எடை போட்டு, பெட்டியில் அடுக்குவார். தபால் நிலையத்துக்குத் தூக்கிப் போவது என் வேலை. ஒருமுறை 4 கிலோ 350 கிராம் இருந்தது. இன்னும் நிறைய இடம் இருக்கிறதே, 5 கிலோவாகப் போட்டுவிடலாமே என்றேன். வேண்டாம், இது சரியாக இருக்கிறது என்றார். வயதானவர்களின் பிடிவாதம் என்று விட்டுவிட்டேன்.

க்ரயான், எமிக்ரான்ட்

செக் மொழியில், ஊரைவிட்டு வெளியே போனவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. அதில் இரண்டு எனக்கு முக்கியம். ஒன்று 'க்ரயான்'. நம்ம ஊர்க்காரர், நம்மவர் என்று பொருள். வெளிநாட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் செக் வம்சாவளியினரை அப்படித்தான் அன்போடு சொல்வார்கள். இன்னொன்று 'எமிக்ரான்ட்'. அகராதியைப் புரட்டினால் குடிபெயர்ந்தவர் என்று மட்டும்தான் இருக்கும். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் மாறும். அந்த வித்தியாசத்தை நான் முதலில் கேட்டது 2019 கோடையில், ஃப்ரென்ஷ்டாட்டில்.

ஃப்ரென்ஷ்டாட், செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் வடகிழக்கில் மலையடிவாரத்தில் இருக்கும் சிறு நகரம். பனீயின் ஒன்றுவிட்ட தங்கை வீடு அங்கே. அந்த வட்டாரத்திலிருந்து 1850-களில் குடும்பம் குடும்பமாக டெக்ஸாஸுக்குக் கப்பலேறினார்கள். அதற்குக் கொஞ்சம் முன்பே, எர்னஸ்ட் பெர்க்மன் என்ற பாதிரியார் டெக்ஸாஸில் கேட் ஸ்பிரிங் என்ற இடத்தில் குடியேறி, நிலம் மலிவு, மண் நல்ல மண் என்று ஊருக்குக் கடிதம் எழுதியிருந்தார். கடிதம் கை மாறி, பத்திரிகையிலும் வந்தது. அதைப் படித்து ஜோசப் லெஷிகார் என்பவர் திரட்டிய முதல் கூட்டம் 1851-ல் கிழக்கு பொஹீமியாவிலிருந்து கிளம்பியது. லிவர்பூல் போய், அங்கிருந்து நெரிசலான கப்பலில் நியூ ஆர்லியன்ஸ், பிறகு கால்வெஸ்டன். நோயில் விழுந்து ஏறக்குறைய பாதிப் பேர் போய்ச் சேரவே இல்லை. இது தெரிந்த பிறகும் அடுத்தடுத்த கூட்டங்கள் கிளம்பின. காணி நிலம் இல்லாமல் அடுத்தவன் வயலில் உழைத்த குடும்பங்களுக்கு அந்தக் கடிதம் எப்படி ஒலித்திருக்கும் என்று யோசித்தால் ஆச்சரியம் குறைகிறது. ஃப்ரென்ஷ்டாட் பக்கத்துக் குடும்பங்கள் 1856-ல் அங்கே தூபினா என்ற ஊரை உருவாக்கின. தூபினா என்றால் கருவாலித் தோப்பு. ப்ராஹா என்றே ஒரு ஊர் டெக்ஸாஸில் இருக்கிறது. செக்காரர்கள் தங்கள் தலைநகரத்தை அழைக்கும் பெயர் அது. நடுவில் பாலாடைக்கட்டியோ பிளம் ஜாமோ வைத்துச் சுடும் கோலாச் என்ற இனிப்பு ரொட்டி அங்கே போய்க் கொலாச்சி ஆகி, பெட்ரோல் பங்க் கடைகளிலெல்லாம் விற்கிறது.

நாங்கள் போயிருந்த நாளில் டெக்ஸாஸிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. ஐந்தாவது தலைமுறை. செக் தெரியாது. தாத்தா சொல்லிக்கொடுத்ததாக ஒரு ஜெபமும் இரண்டு பாட்டும் தெரியும். அர்த்தம் தெரியாமல், ஆனால் உச்சரிப்புப் பிசகாமல் பாடினார்கள். அந்த உச்சரிப்பு இன்றைய செக் உச்சரிப்புகூட இல்லை, இந்த மலையடிவாரத்தின் பழைய வழக்கு என்று ஒன்றுவிட்ட தங்கை கண் கலங்கினார். பனீயும் பாடினார். எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். திரும்பும்போது ரயிலில், "எவ்வளவு நல்ல மனிதர்கள், எதையுமே மறக்கவில்லை" என்று பனீ திரும்பத் திரும்பச் சொன்னார். உங்கள் அக்காவும் மறக்கவில்லையே, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறாரே என்று நான் சாதாரணமாகச் சொன்னேன். பனீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது வேறு. இவர்கள் க்ரயானே. என் அக்கா எமிக்ரான்ட்."

அன்றிலிருந்து இந்த இரண்டு சொல்லும் எனக்குள் உரசிக்கொண்டே இருக்கின்றன. பிர்னோவிலிருந்து வியன்னா ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். 1839-லேயே இந்த இரண்டு நகரத்துக்கும் நடுவே தண்டவாளம் வந்துவிட்டது. 1900-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தாங்கள் புழங்கும் மொழி செக் என்று வியன்னாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பதிவு செய்தார்கள். வீட்டுவேலைக்கு, தையலுக்கு, செங்கல் சூளைக்குப் போனவர்கள். வீனர்பெர்க் சூளைகளில் குடும்பம் குடும்பமாக மண் மிதித்தார்கள். கூலியைப் பணமாகத் தராமல், கம்பெனிக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் தகர வில்லைகளாகத் தந்தார்கள். 1888-ல் விக்டர் ஆட்லர் என்ற சோஷலிச மருத்துவர் அங்கே ரகசியமாகப் போய்ப் பார்த்து அதை எழுதி அம்பலப்படுத்தினார். இன்றைக்கும் வியன்னாவில் அழைப்புமணிப் பலகைகளைப் படித்துக்கொண்டே ஒரு தெரு நடந்தால் நவோட்னி, ஸ்வோபோடா, டுவோர்ஷாக் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். அவர்களை யாரும் ஓடிப்போனவர்கள் என்று சொல்வதில்லை. அவர்கள் விட்டுவிட்டுப் போன அம்மாக்களும் தங்கைகளும் செத்து நூறு வருடம் ஆகிவிட்டது.

ருமேனியாவின் பானாட் மலைகளில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். 2022 ஆகஸ்டில் நான்கு நாள் போயிருந்தேன். டான்யூப் நதிக்கு மேலே ஸ்வாட்டா ஹெலெனா, கெர்னீக், ரொவென்ஸ்கோ, ஷூமிட்சே, பீகர், ஐபன்டால் என்று ஆறு செக் கிராமங்கள். 1820-களில் காடு வெட்டவும் எல்லையைக் காக்கவும் கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்கள். இருநூறு வருடமாகத் தெருவிலும் கோயிலிலும் செக்கே பேசுகிறார்கள். 1989-ல் கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் ஆட்சிகள் விழுந்த பிறகு என்ன நடந்தது என்றால், இளையவர்கள் எல்லோரும் செக் நாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். கேட்டால் 'சொந்த நாட்டுக்கு' என்றுதான் சொன்னார்கள், கொள்ளுப்பாட்டனின் பாட்டன் விட்டுவந்த நாட்டை. நான் தங்கிய வீட்டுப் பாட்டி, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து எதிர்வரிசை வீடுகளை ஒவ்வொன்றாகக் கைகாட்டினார். பூட்டு, பூட்டு, ஆகஸ்டில் மட்டும் வருவார்கள், பூட்டு, கிழவர் ஒருவர், பூட்டு. அவருக்கு நான்கு பிள்ளைகள். நால்வரும் செக் நாட்டில். "எங்கள் தாத்தாமார் போனதற்கு அங்கே யாரும் அழுதிருப்பார்களா?" என்று என்னிடம் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அழுதிருப்பார்கள், நிச்சயமாக. எந்தக் கணக்கெடுப்பிலும் அது வந்திருக்காது.

எல்லோரும் ஒரே மாதிரி போகவில்லை என்பது எனக்குத் தெரியும். வொலீனியாவுக்குப் போனவர்கள், ரஷ்யப் பேரரசில் நிலம் மலிவாகக் கிடைத்ததால் 1860-களிலிருந்து போனார்கள், ஹாப்ஸ் பயிரிட்டுச் செழித்தார்கள், போரில் பட்டதெல்லாம் பட்டு, 1947-ல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே என் மனதில் இருப்பது ஒரே ஒரு அக்காவும் ஒரே ஒரு தங்கையும்.

இரண்டு வாரத்துக்கான பெட்டி

அக்காவுக்கு அப்போது 23 வயது. 1968 ஆகஸ்டில் சிநேகிதிகளோடு யுகோஸ்லாவியாவுக்கு, அட்ரியாட்டிக் கடற்கரைக்குச் சுற்றுலா போனார். இரண்டு வாரம். நீச்சல் உடை, இரண்டு பருத்தி உடை, ஒரு ஸ்வெட்டர். 19 ஆகஸ்ட் தேதியிட்டு ஸ்ப்லிட் நகரிலிருந்து ஒரு அஞ்சலட்டை போட்டிருக்கிறார். கடல் வெதுவெதுப்பாக இருக்கிறது, உனக்கு ஒரு சிப்பி எடுத்து வைத்திருக்கிறேன் என்று. 20-ஆம் தேதி இரவு, விடிந்தால் 21, சோவியத் டாங்கிகள் எல்லை தாண்டி செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் வந்தன. அஞ்சலட்டை அதற்கெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது. அடுத்த கடிதம் வியன்னாவிலிருந்து. அதற்கடுத்தது சூரிச்சிலிருந்து. சுவிட்சர்லாந்து அந்தச் சமயத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செக்கோஸ்லோவாக்கியர்களை ஏற்றுக்கொண்டது.

பனீ இதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் அழுத்துவார். "அவள் போகவில்லை. திரும்பி வரவில்லை." போகிறேன் என்று சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம், நானும் வருகிறேன் என்றாவது கேட்டிருக்கலாம். அப்போது பனீக்கு 19. ரயில் நிலையத்தில் அக்காவை வழியனுப்பும்போது, தன்னுடைய வெள்ளை ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போகிறாளே என்ற கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாராம். அந்த முகம்தான் அக்கா கடைசியாகப் பார்த்தது. அதன்பின் 21 வருடம் இருவரும் சந்திக்கவில்லை.

கொஞ்ச நாள் வரை வழி திறந்தேதான் இருந்தது. ஓராண்டுக்கும் மேலாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பனீயும் போயிருக்கலாம். அப்பாவுக்கு நுரையீரல் வியாதி, அம்மா தனியாக என்ன செய்வாள் என்று தள்ளிப்போட்டார். 1969 அக்டோபர் 9 அன்று எல்லையை மூடிவிட்டார்கள். அதன்பின் மேற்கே போக 'தொலோஷ்கா' என்ற வெளியேறும் அனுமதிச்சீட்டு வேண்டும். அக்கா எமிக்ரான்ட் ஆகிவிட்ட வீட்டுக்கு அதை யார் கொடுப்பார்கள்?

போனவர்கள் பட்ட பாடு பற்றி நிறையப் புத்தகங்கள் உண்டு. இருந்தவர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நிரப்பிய ஒரு வரியைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. 'வெளிநாட்டில் உறவினர் உண்டா?' பனீ மருந்தியல் படிக்க விண்ணப்பித்தார். இடம் இல்லை. அடுத்த வருடமும் இல்லை. பிறகு பிர்னோவின் நூற்பாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். இன்னொரு பக்கம், அக்கா அனுப்பும் பணம் வங்கி வழியாக 'பொனி' என்ற சீட்டுகளாக வரும். அதை டுஸெக்ஸ் கடையில் கொடுத்தால் ஜீன்ஸ், நல்ல காபி, சாக்லேட் எல்லாம் கிடைக்கும். அக்கம்பக்கத்தார், உனக்கென்ன குறை, மேற்கே அக்கா இருக்கிறாள் என்பார்கள். படிப்பு போனது யார் கண்ணுக்கும் தெரியவில்லை, ஜீன்ஸ் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அப்பா 1975-ல் இறந்தார், அம்மா 1983-ல். இரண்டு தடவையும் அக்காவிடமிருந்து தந்திதான் வர முடிந்தது. வந்தால் எல்லையிலேயே கைது.

ஆட்சி மாறிய பின், 1990 ஈஸ்டருக்கு அக்கா வந்தார். பனீ மூன்று நாள் சமைத்தாராம். அக்கா கதவைத் தாண்டி உள்ளே வந்து, அழுது, முகம் துடைத்து, சமையலறையைச் சுற்றிப் பார்த்து, "இந்த ஜன்னலை இன்னும் மாற்றவில்லையா?" என்றார். அவ்வளவுதான். அவர் அதைப் பாசத்தில்கூடச் சொல்லியிருக்கலாம், சின்ன வயதில் காற்று நுழையும் ஜன்னல் அது. பனீ காதில் அது அப்படி விழவில்லை. அந்த வருகைக்குப் பிறகு இரண்டு வருடம் பேச்சில்லை.

84 ரசீதுகள்

2023 நவம்பரில் பாதாள அறையில் குழாய் கசிந்து தரையெல்லாம் ஈரம். அங்கிருந்த சாமான்களை மேலே கொண்டுவந்து போட்டேன். அட்டையால் செய்த பழைய சூட்கேஸ் ஒன்று தூக்கும்போதே அடி விட்டுவிட்டது. காகிதங்கள் படிக்கட்டில் சரிந்தன. பொறுக்கி அடுக்கும்போது மேலே நீதிமன்ற முத்திரையோடு ஒரு தாள். படிக்கக் கூடாதுதான். ஆனால் அக்காவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. 'குடியரசை விட்டு வெளியேறிய குற்றம்', குற்றவியல் சட்டம் பிரிவு 109. வராத ஆளுக்கு, வராமலேயே நடந்த விசாரணை. பதினெட்டு மாதம் சிறை, சொத்து பறிமுதல். அதற்குக் கீழே சொத்துப் பட்டியல். சைக்கிள் ஒன்று. தையல் மிஷின் ஒன்று. கிராமத்து வீட்டில் பாதி.

பனீ படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த ஹலுபாவைப் பாட்டி இறக்கும்போது இரண்டு பேத்திகளுக்கும் சரிபாதியாக எழுதிவைத்திருக்கிறார். தீர்ப்புக்குப் பிறகு அக்காவின் பாதி அரசுக்குப் போய்விட்டது. அதாவது ஒரு கூரையில் பாதி பனீக்கு, பாதி அரசாங்கத்துக்கு. அரசு தன் பாதியை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். உள்ளூர் நிர்வாகத்தில் ஒருவர் அதைத் தன் மைத்துனனுக்கு வாங்கப் பார்ப்பதாகச் சேதி வந்தது. பனீ போய்க் கெஞ்சி, தானே வாங்கிக்கொள்கிறேன் என்று தவணைக்கு ஒப்புக்கொள்ள வைத்தார். மாதம் 120 கொருனா, ஏழு வருடம். நூற்பாலையில் அவருக்குச் சம்பளம் 1,400. சூட்கேஸில் 84 ரசீதுகளும் இருந்தன. மாவு மூட்டை நூலால் வருடத்துக்கு ஒரு கட்டாகக் கட்டி, ஏழு கட்டுகள்.

அக்காவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள் என்பதால் அப்போது எழுதவில்லை. எழுதினால் அவள் குற்ற உணர்வில் திரும்பி வந்துவிடுவாளோ, வந்தால் ஜெயிலோ என்ற பயம் வேறு. சரி, பிறகு சொல்லியிருக்கலாமே? 1990-ல் வந்த சட்டம் அந்தத் தீர்ப்புகளையெல்லாம் ரத்து செய்தது. 1991-ல் பறிமுதல் சொத்தைத் திருப்பித் தரச் சட்டம் வந்தது. ஆனால் செக்கோஸ்லோவாக்கியக் குடியுரிமை மட்டும் போதாது, நிரந்தரமாக இங்கேயே வசிக்கவும் வேண்டும் என்று நிபந்தனை. வெளியே போனவர்களுக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வசிக்கும் நிபந்தனையை அரசியல் சாசன நீதிமன்றம் 1994-ல்தான் நீக்கியது. அதற்கு முன்பே, 1992-ல், அக்கா ஒரு கடிதம் எழுதினார், இரண்டு வருட மௌனத்தை உடைத்த கடிதம். பனீ அதையும் எடுத்துக் காட்டினார். 'ஹலுபாவில் என் பங்கைப் பற்றி நான் எந்த அலுவலகத்துக்கும் போகப்போவதில்லை. அம்மா அப்பாவை நீ பார்த்துக்கொண்டாய். என் பாதியை உனக்கே தருகிறேன். இது என் பரிசு.'

நான் அந்த வரியை மூன்று தடவை படித்தேன். ஏழு வருடம் மாதம் தவறாமல் கட்டி மீட்ட பாதியை, அக்கா மனதாரப் பரிசாகத் தருகிறார். பனீ அதற்கு எழுதிய பதில், 'நன்றி அக்கா' என்று ஒரு வரி.

ஏன் சொல்லவில்லை என்று விடாமல் கேட்டேன். எனக்கு அப்போது உண்மையாகவே கோபம், யார் மேல் என்று தெரியாத கோபம். பனீ ரசீதுக் கட்டுகளைத் துடைத்து மடியில் அடுக்கிக்கொண்டே சொன்னார். "சொன்னால் அவள் பணம் அனுப்பிவிடுவாள். வட்டியோடு அனுப்புவாள், எனக்கு அவளைத் தெரியும். அனுப்பிவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைப்பாள். அந்த 120 கொருனாவா எனக்குப் பெரிசு? அப்பாவுக்கு ராத்திரி மூச்சு வாங்கும்போது முதுகைத் தடவிக்கொண்டு நான் தனியாக உட்கார்ந்திருந்தேனே, நீ சொல், அதை எந்தக் கணக்கில் எழுதுவது?"

'நீ' என்றார். ஆறு வருடமாக என்னை 'நீங்கள்' என்று மட்டுமே பேசிவந்தவர். செக் மொழியில் அது சின்ன விஷயமில்லை. பெரியவர் ஒருவர் மனது வைத்து, சொல்லி, அனுமதித்தால்தான் அந்த மாற்றம் வரும். அன்று அவர் அனுமதியும் கொடுக்கவில்லை, கவனிக்கவும் இல்லை.

அன்று இரவு ஊரில் விடியும்வரை விழித்திருந்து தம்பியைக் கூப்பிட்டேன். அம்மாவின் முழங்கால் வலி, மருந்துக் கடை, மழை எல்லாம் பேசினோம். கடைசியில் கேட்டேன், நான் கிளம்பும்போது உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா என்று. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கேட்டிருந்தா போன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான். அப்புறம், "ஆனா கேட்டிருக்கலாம்" என்றான்.

தபால் ஓட்டு

2024-ல் தபால் வாக்குச் சட்டம் வந்தபோது நாட்டில் பெரிய சண்டை. 2002-லிருந்து வெளிநாட்டில் இருக்கும் செக் குடிமக்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க முடிந்தது, ஆனால் தூதரகத்துக்கு நேரில் போக வேண்டும். தபாலில் அனுப்பலாம் என்றதும், இங்கே வரி கட்டாதவர்கள், இங்கே வாழாதவர்கள் நம் அரசைத் தீர்மானிப்பதா என்று ஒரு தரப்பு கொதித்தது. நான் சட்டத்தின் பக்கம். வெளிநாடுவாழ் இந்தியனுக்கு வாக்கு உண்டு என்று 2010-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் சொந்தத் தொகுதிக்கு நேரில் போய்த்தான் போட வேண்டும். அதனால் ஒரு தடவைகூட நான் வெளிநாட்டிலிருந்து வாக்களித்ததில்லை. அந்த ஆதங்கத்தோடு பனீயிடம் வாதாடினேன். அவர் எதிர்ப்பக்கம், அசையவே இல்லை. "அவள் உறையை நக்கி ஒட்டிவிட்டு ஏரிக்கரையில் நடக்கப் போவாள். இங்கே வாழப்போவது நான்."

இன்றும் நான் சட்டத்தின் பக்கம்தான். குடியுரிமை என்பது முகவரியோடு காலாவதி ஆகிற பொருள் இல்லை என்று நம்புகிறேன். துரோகி என்று ஒரு நீதிமன்றம் ஆள் இல்லாமலேயே தீர்ப்பு எழுதிய ஒருவருக்கு, எண்பது வயதில் ஒரு வாக்குச்சீட்டு வீடு தேடி வருவது நியாயம் என்று நம்புகிறேன். ஆனால் பனீயோடு வாதாடும்போது நான் பேசியது வாக்கைப் பற்றி, அவர் பேசியது வாக்கைப் பற்றி இல்லை என்பது படிக்கட்டில் உட்கார்ந்த அந்தச் சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தபோதுதான் எனக்குக் காதில் விழ ஆரம்பித்தது. செய்தியில் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசிய சாமானியர்களை, குறுகிய மனதுக்காரர்கள் என்று நான் எளிதாகத் தள்ளியிருந்தேன். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் நூலால் கட்டிய ரசீதுகள் இருக்கின்றனவோ. போனவர்களுக்கு நினைவு நாள், சங்கம், பாட்டு, அடுத்த தலைமுறை தேடிவரும் பயணம் எல்லாம் கிடைக்கிறது. ஃப்ரென்ஷ்டாட்டில் டெக்ஸாஸ்காரர்களோடு பனீ பாடியதை நினைத்துப் பார்க்கிறேன். 1856-ல் அங்கே யார் யார் பின்தங்கி நின்றார்கள், யார் அப்பனின் முதுகைத் தடவினார்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

2025 அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை. தபால் வாக்கோடு நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தல். அக்கா தன் உறையை முன்பே பெர்ன் தூதரகத்துக்கு அனுப்பிவிட்டார். சாயங்காலம் பனீயின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூட வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போனேன். திரும்பி வந்ததும் அக்காவின் போன். யாருக்குப் போட்டாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். இருவரும் சொல்லவில்லை. இந்த வருடம் காய்ப்பு எப்படி என்று அக்கா கேட்டார். சுமார்தான், மே மாதம் பூவில் பனி விழுந்துவிட்டது என்றார் பனீ.

போனை வைத்துவிட்டு மூட்டையை மேசைமேல் கொட்டினார். நான் தராசைக் கொண்டுவந்தேன். மொத்தம் 7 கிலோ 260 கிராம். பழைய கடித உறை ஒன்றின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, இரண்டால் வகுத்தார். 3 கிலோ 630. பெட்டியைத் தராசில் வைத்து, காயை ஒவ்வொரு கைப்பிடியாகப் போட்டார். 3,640 காட்டியது. ஒரு காயை எடுத்தார். 3,627. எடுத்த காயை வைத்துவிட்டு, மேசையில் தேடி, அதைவிடப் பெரிய ஒன்றை ஒதுக்கி, சின்ன சின்னதாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒட்டும் டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.